பன்னிரண்டாவது வரிசை

பரந்தன் சந்தியில் எனக்குக் குஷன் வேலை.
லேலண்ட் பஸ்ஸுக்குப் பதினொரு வரிசை என்பது
கொம்பனிக்காரன் போட்ட கணக்கு.
பன்னிரண்டு, நான் போட்டது.
இடைவெளி ஒவ்வொன்றிலும் இரண்டரை அங்குலம் களவெடுத்தால்
வால்பக்கத்தில் ஒரு வரிசை முளைக்கும்.
முதலாளி பத்மசீலன் அதை லாப வரிசை என்பார்.
சிவப்பு றெக்சினை இழுத்து அறைந்து கொடுப்பேன்,
பார்வைக்கு மெத்தைபோல இருக்கும்.
முழங்கால்களிடம் ஒன்றும் கேட்டதில்லை.

போன மார்கழி
மகளின் சாமத்தியவீட்டுக்கு வரச்சொல்லி
தங்கச்சி சுகிர்தா ரிக்கற் அனுப்பினாள், ரொறன்ரோவுக்கு.
இரண்டாவது பிளேனில் பதினான்கு மணித்தியாலம்.
முப்பத்தெட்டாம் வரிசை, நடுச் சீற்.

இருந்த உடனே தெரிந்துவிட்டது
இது என்னைப்போல ஒருவன் பார்த்த வேலை.
நூல் பிசகவில்லை, மடிப்புத் தெரியவில்லை.
யாரோ ஒரு கெட்டிக்காரன்
எங்கேயோ இருந்து நாடா பிடித்து
என் தொடையெலும்பில் வெட்டி எடுத்திருக்கிறான்.

வலப்பக்கத்துப் பெடியன் கையை மடித்தும் நீட்டியும் பார்த்தான்,
வைக்க இடமில்லை.
இடப்பக்கம் ஒரு வற்றாப்பளை அம்மா.
நித்திரையில் என் தோளில் சரிந்தா,
எழும்பி மன்னிப்புக் கேட்டா, திரும்பச் சரிந்தா.
நாலாம் தரம் கேட்கவில்லை.
முன்னால் இருந்தவர் சாய்ந்தார்.
என் தேத்தண்ணி என் மடிக்கு வந்தது.

முறிகண்டி இல்லாத பயணம்.
எங்கட பஸ் எவ்வளவு நெரிந்தாலும்
பிள்ளையாரடியில் நிற்கும்.
இறங்கலாம், கால் உதறலாம், கச்சான் வாங்கலாம்,
ஒரு தேங்காயைச் சிதறவிட்டு
மறுபடி ஏறி மடியலாம்.
ஆகாயத்தில் ஆர் நிப்பாட்டுவினம்?

வெளிக்கிட முதல் பணிப்பெண் இரண்டு கையையும் நீட்டி
வாசல்களைக் காட்டியிருந்தாள்.
பாஷை விளங்கவில்லை, சொன்னது விளங்கியது:
ஆபத்தென்றால் இந்த வழியால் ஓடுங்கோ.
குனிந்து முழங்காலைப் பார்த்தேன்.
முன்சீற்றின் முதுகில் அது
முத்திரை மாதிரிக் குத்தியிருந்தது.

அப்போது கொக்காவில் வந்தது நினைவில்.
ஐப்பசி மழை, பாலைமரம்,
பள்ளத்தில் படுத்த பஸ்.
ஒருவரும் சாகவில்லை என்று எல்லாரும் ஆறினார்கள். நானும்.
இரத்தினேஸ்வரி ரீச்சரின் கால் மட்டும்
ஒன்பதாம் வரிசைக்கும் பத்தாம் வரிசைக்கும் நடுவில்.
என் றெக்சினைக் கத்தியால் கிழித்து
என் நட்டுகளைச் சாவி போட்டுக் கழற்றி
எடுக்க ஒரு மணித்தியாலம்.
நட்டு அப்படி இறுக்கமாம்.
"நல்ல வேலைக்காரன்" என்றாராம் சாவி பிடித்தவர்.

லைற் அணைத்தபிறகு
சீற்றுக்குக் கீழே கையை விட்டுத் தடவினேன்.
ஒரு தண்டவாளம், அதில் நாலு கால், ஒரு பூட்டு.
அரைமணி தந்தால் நகர்த்திவிடலாம்.
ஆனால் ஒன்றை நகர்த்தினால் எல்லாவற்றையும் நகர்த்தவேணும்,
கடைசி வரிசை முகிலுக்குள் இருக்கும்.

திரும்பி வந்து மூன்றாம் கிழமை
பத்மசீலன் புதுப் பஸ் கொண்டுவந்தார்.
"பன்னிரண்டு, மகேந்திரம்."
"பதினொன்று."
சிரித்தார்.
"கனடா போய் எண்ணுறதும் மறந்துபோச்சோ?"
பஸ் வவுனியாவுக்குப் போனது.
தையல் மெசினுக்கு இன்னும் ஏழு தவணை கிடக்கிறது,
அதையும் எண்ணித்தான் இருந்தேன்.

நேற்று அதே பஸ்ஸில் ஏறினேன். நீல றெக்சின்.
பதினோராம் வரிசையில் ஓர் இடம்.
"அண்ணை, சீற் கிடக்கு, இருங்கோ" என்றான் கொண்டக்டர்.
இருக்கவில்லை, சாணால் அளந்தேன்.
மூன்று சாண். இருபத்தேழு.
என்னிலும் அரை அங்குலம் கெட்டிக்காரன்.

கம்பியைப் பிடித்தபடி நின்றேன்
முறிகண்டி மட்டும்.